ஒரு கோப்பில் இரண்டு உடல்கள்: மருத்துவ அடையாளத் திருட்டு, ஓர் எளிய விளக்கம்

"காப்பீட்டு அட்டை எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கியில் இருக்கும் பணம் காலியாகிவிடும்" என்ற வகையில் வாட்ஸ்அப் செய்திகள் நீலகிரியில் அடிக்கடி சுற்றி வருகின்றன. அனுப்புகிறவர்களுக்கு நல்லெண்ணம்தான். ஆனால் காப்பீட்டு அட்டை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கில் கைவைக்க முடியாது. அந்த எண் திறந்துவிடும் கதவு மருத்துவமனையின் கதவு. அங்கே போகக்கூடியது பணம் மட்டுமல்ல. அது புரியாததால், பயப்பட வேண்டிய இடத்தில் நாம் அசட்டையாக இருக்கிறோம். பயப்படத் தேவையில்லாத இடத்தில் செய்தியை இருபது பேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எது திருட்டு, எது திருட்டு இல்லை

மூன்று வெவ்வேறு விஷயங்களை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

முதலாவது, கணினித் தாக்குதலும் தகவல் கசிவும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கின. பல நாட்களுக்குச் சீட்டு எழுதுவது முதல் எல்லாம் கையால் நடந்தது. இப்படிப்பட்ட தாக்குதலில் நோயாளிகளின் தகவல் வெளியே போனால், அது திருடனுக்குக் கிடைத்த மூலப்பொருள். திருட்டு அதற்குப் பிறகுதான் நடக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவுக் குழப்பம். ஒரே எஸ்டேட் லைனில் இரண்டு மாரியம்மாள்கள், இருவருக்கும் ஒரே முன்னெழுத்து, வயது கேட்டால் இருவரும் தோராயமாகத்தான் சொல்வார்கள். பதிவு செய்பவர் ஒருவருடைய சீட்டில் மற்றவரை ஏற்றிவிட்டால் அது பிழை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மூன்றாவதுதான் நம் தலைப்பு. ஒருவருடைய பெயரையும் ஆதார் அல்லது காப்பீட்டு எண்ணையும் பயன்படுத்தி இன்னொருவர் சிகிச்சையோ மருந்தோ பெறுவது, அல்லது நடக்காத சிகிச்சை நடந்ததாகக் காட்டி யாராவது பணம் கோருவது. இதுதான் மருத்துவ அடையாளத் திருட்டு. இந்தப் பெயர் பரவலானது அமெரிக்காவில், இருபது ஆண்டுகளுக்கு முன்பு. அங்கே முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டு அட்டையில் அவரவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணையே வெகுகாலம் அச்சிட்டு வந்தார்கள். ஓர் அட்டை தொலைந்தால் ஆளின் மொத்த அடையாளமும் தொலைந்த மாதிரி. 2018இல்தான் அதை நிறுத்தி வேறு எண் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு மூட்டை இலை

இதன் உள்விவகாரத்தைப் புரிந்துகொள்ளப் பச்சைத் தேயிலையை எடுத்துக்கொள்வோம். குன்னூர்ப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடுகிறார். எடை போடும் இடத்தில் அவருடைய உறுப்பினர் எண்ணுக்கு நேராக இத்தனை கிலோ என்று எழுதுகிறார்கள். ஒருநாள் பக்கத்துத் தோட்டக்காரர் தன் முற்றிய இலையை இவருடைய எண்ணில் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு சேதங்கள் இருக்கின்றன. ஒன்று கணக்கில். மாதக் கடைசியில் ஏட்டைப் பார்த்து, கிலோவைக் கழித்து, பணத்தைச் சரிசெய்துவிடலாம். மற்றொன்று இலையில். மூட்டையை அவிழ்த்து வாட்டும் தொட்டியில் கொட்டிய பிறகு, எது யாருடைய இலை என்று யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. "இவர் இலை முற்றல்" என்ற பெயரும் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

மருத்துவத்தில் கிலோக் கணக்கு என்பது காப்பீட்டுத் தொகை. தொட்டியில் கலந்த இலை என்பது உங்கள் நோயாளிக் கோப்பு. உங்கள் நோய்கள், பரிசோதனை முடிவுகள், மருந்துகள், அறுவைச் சிகிச்சைகள் எல்லாம் சேர்ந்த பதிவுத் தொகுப்பைத்தான் கோப்பு என்கிறேன். அது காகிதக் கட்டாகவும் இருக்கலாம், கணினியிலும் இருக்கலாம்.

சுருக்கமாக: பணம் திரும்பி வரும். கோப்பில் கலந்ததைப் பிரிப்பதுதான் கடினம்.

காப்பீட்டு கவுண்டரில் நடப்பது

இனி உண்மையான இயக்கம். தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. கவனிக்க வேண்டிய சொல் 'குடும்பத்துக்கு' என்பது. தலைக்கு 5 லட்சம் இல்லை. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே தொகையிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

நோயாளி படுக்கையில் சேர்ந்ததும் காப்பீட்டு கவுண்டரில் குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு எண் எல்லாம் பார்க்கிறார்கள். பெயர் பட்டியலில் இருந்தால், நோய்க்கான ஆவணங்களை அனுப்பி முன் அனுமதி கேட்கிறார்கள். முன் அனுமதி என்றால், "இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு தருகிறோம், செய்யலாம்" என்று காப்பீட்டுத் தரப்பு முன்கூட்டியே சொல்லும் ஒப்புதல். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது வெளியேற்றச் சுருக்கம் எழுதப்படுகிறது. என்ன நோய், என்ன செய்தோம், என்ன மருந்து என்று எழுதிக் கொடுக்கும் அந்தத் தாளைத்தான் பலர் பஸ் டிக்கெட் மாதிரி மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிடுகிறார்கள்.

ஆக, ஆள், பணம், கோப்பு ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்படுகின்றன. முடிச்சுப் போடும் அந்தச் சில நிமிடங்களில் "இவர்தான் அவர்" என்று உறுதிசெய்வது எவ்வளவு கறாராக நடக்கிறது என்பதே எல்லாம். பழைய புகைப்படம், தேய்ந்துபோன கைரேகை, வெளியே காத்திருக்கும் நாற்பது பேர். இலை கிள்ளிக் கிள்ளித் தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுக்கும்போது மாற்றுவழியில் அனுமதிப்பது மனிதாபிமானம்தான். அந்த மாற்றுவழியே திருட்டுக்கும் இடைவெளி தருகிறது.

இந்த முடிச்சு எவ்வளவு தளர்வாக இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் அரசு ஆவணமே சாட்சி. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைப் பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 9999999999 என்ற ஒரே செல்பேசி எண்ணில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததைக் காட்டியது. தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களுக்கு 4,761 பதிவுகள் இருந்தன. செல்பேசி எண் தொடர்புக்காக மட்டும்தான், பயனாளியைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துவதில்லை என்று அரசுத் தரப்பு விளக்கியது. அது நியாயமான விளக்கம். இந்த எண்களை எல்லாம் திருட்டு என்று படிப்பது தவறு. ஆனால் தொடர்பு எண்ணே போலி என்றால், உங்கள் பெயரில் யாரோ படுக்கையில் சேர்ந்தால் அந்தத் தகவல் உங்களுக்கு எப்படி வந்து சேரும்?

கோப்பு கலந்தால் உடலுக்கு என்ன ஆகும்

"கோப்பில் தவறான ரத்த வகை இருந்தால் தவறான ரத்தத்தை ஏற்றிக் கொன்றுவிடுவார்கள்" என்று சொல்லப்படுவதுண்டு. பெரும்பாலும் அப்படி நடக்காது. ரத்தம் ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் புதிதாக மாதிரி எடுத்து, கொடுக்கப்போகும் ரத்தத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். பழைய கோப்பில் ஓ பாசிட்டிவ் என்றும் இன்றைய சோதனையில் பி பாசிட்டிவ் என்றும் வந்தால், நல்ல ஆய்வகம் நின்று, மறுபடி மாதிரி கேட்கும். ஆள் மாறியது தெரியவருவதற்கே இது ஒரு வழி.

ஆனால் பொருத்திப் பார்ப்பதிலும் சிக்காத ஆபத்து ஒன்று உண்டு. அது நம் மலைக்கு மிகவும் நெருக்கமானது. அரிவாள் செல் ரத்தசோகை பரம்பரையாக வரும் நோய். இதில் ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நுண்குழாய்களில் அடைத்துக்கொண்டு கடும் வலியைத் தரும். இந்தியாவில் இந்த ரத்தக் குறை முதன்முதலில் பதிவானதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், குரும்பர் குடும்பங்களில் இது இன்றும் அன்றாடப் பிரச்சினை. இந்த நோயாளிகளில் பலருக்கு வாழ்நாளில் பலமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

பலமுறை பிறர் ரத்தம் ஏறும்போது, அதில் உள்ள சில நுண்ணிய கூறுகளை எதிர்க்கும் பொருள்களை உடல் உருவாக்கிக்கொள்ளலாம். இவற்றுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். காலப்போக்கில் இவை சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடலாம். அந்த நேரத்தில் பொருத்திப் பார்த்தால் எல்லாம் சரி என்றே முடிவு வரும். ரத்தத்தை ஏற்றிச் சில நாட்கள் கழித்து உடல் பழைய பகையை நினைவுக்குக் கொண்டுவந்து, ஏற்றிய அணுக்களைச் சிதைக்கும். இதைத் தடுக்க உதவுவது "இவருக்கு இந்த எதிர்ப்பொருள் முன்பு இருந்தது" என்ற பழைய பதிவு.

இப்போது ஒரு பெண் தன் தங்கையின் அட்டையில் படுத்து ரத்தம் ஏற்றிக்கொள்கிறாள் என்று வையுங்கள். எதிர்ப்பொருள் பற்றிய குறிப்பு தங்கையின் கோப்பில் ஏறுகிறது. அக்காவின் கோப்பு வெறுமையாக இருக்கிறது. அடுத்த முறை அக்கா தன் சொந்தப் பெயரில் வரும்போது மருத்துவர் பார்ப்பது அந்த வெறுமையைத்தான். தங்கையோ, தனக்கு இல்லாத நோயைத் தன் கோப்பில் சுமந்துகொண்டிருப்பாள்.

மற்ற உதாரணங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவரின் கோப்பில், பென்சிலினைத் தாங்கிக்கொண்ட இன்னொருவரின் சிகிச்சை பதிவாவது. குடல்வால் எடுத்தாகிவிட்டது என்று கோப்பு சொல்வதால், வலது அடிவயிற்று வலிக்கு வேறு காரணம் தேடி நேரம் போவது. தனியார் காப்பீடு வைத்திருப்பவருக்கு "முன்பே சர்க்கரை நோய் இருந்ததை மறைத்தீர்கள்" என்று சொல்லிப் பணம் மறுக்கப்படுவது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: கோப்பில் தவறான தகவல் சேர்வது மட்டும் ஆபத்தில்லை, இருக்க வேண்டிய தகவல் வேறிடம் போய்விடுவதும் ஆபத்துதான்.

திருடன் எப்படி இருப்பான்

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தேடாதீர்கள். நம் ஊரில் இது பெரும்பாலும் உதவி என்ற பெயரில் வருகிறது. சித்தப்பா மகனுக்கு வருமானச் சான்று கிடைக்கவில்லை, அட்டை இல்லை, கோயம்புத்தூரில் உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். "உன் அட்டையைக் கொடு, வயது ஏறத்தாழ ஒன்றுதான், யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார் பெரியம்மா. கொடுக்காவிட்டால் உறவில் பேச்சு நின்றுவிடும். இந்த நெருக்கடியை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இதுவும் ஆள்மாறாட்ட மோசடிதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆவது பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தெரிந்தே கொடுத்தவரும் உடந்தையாகக் கருதப்படலாம். அதோடு, உங்கள் குடும்பத்தின் 5 லட்சத்தில் அந்த ஆண்டு எவ்வளவு குறைந்தது என்பது உங்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோதுதான் தெரியவரும்.

இரண்டாவது வழி, ஜெராக்ஸ். ஊட்டியில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் சிறிது நேரம் நின்று பாருங்கள். கண்ணாடி மேல் ஆதாரை வைத்து இரண்டு பக்கமும் எடுக்கிறார்கள். முதல் பிரதி மங்கலாக வந்தால் அதைக் கசக்கி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கிறார்கள். செல்பேசியிலிருந்து கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுத்தால், அந்தப் படம் அவர் செல்பேசியிலேயே தங்கிவிடுகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தப் பெட்டியிலிருக்கும் காகிதம் சாயங்காலம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

மூன்றாவது, செல்பேசி அழைப்பு. "மகப்பேறு நிதி வந்திருக்கிறது", "காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்" என்று சொல்லி ஓ.டி.பி. கேட்பார்கள். மலையில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் எல்லோருடைய ஆதாருக்கும் ஒரே எண்தான், அதுவும் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. அவன் எண்ணை மாற்றிவிட்டால் பழைய எண் சும்மா கிடக்காது. செயலிழந்து 90 நாட்கள் கழிந்த பிறகு அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அதன்பின் உங்கள் வீட்டு ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

நான்காவது, சில இடங்களில் உள்ளிருப்பவர்களே செய்வது. இலவச முகாம் என்று கூப்பிட்டு, ஆவணங்களை வாங்கிக்கொண்டு, நடக்காத சிகிச்சைக்குப் பணம் கோருவது. இதில் நோயாளிக்கு எதுவுமே தெரியாது.

எப்படித் தடுப்பது

முகாமிலோ கடையிலோ வயதையும் முகவரியையும் மட்டும் காட்ட வேண்டியிருந்தால் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் ஆதார்ப் பிரதி அது. ஆதார் ஆணையத்தின் தளத்தில் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். மருத்துவமனையில் முழு எண் கேட்டால் அங்கே கொடுக்கலாம், ஆனால் பிரதியின் குறுக்கே மருத்துவமனையின் பெயர், தேதி, எதற்காக என்று பேனாவால் எழுதுங்கள். எழுத்து எண்களின் மேல் படட்டும். கெட்டுப்போன பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் உங்கள் விரலையோ கண்ணையோ வைத்து யாரும் சரிபார்க்க முடியாது. பல கட்டுரைகள் "உடனே பூட்டுங்கள்" என்று சொல்லி முடித்துவிடும். மலைக்கிராமத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ரேஷன் கடையிலும் கைரேகைதான் கேட்கிறார்கள். பூட்டியதை மறந்து அரிசி வாங்கப் போனால், கருவி உங்களை ஏற்காது. தற்காலிகமாகத் திறக்க செல்பேசியும் சிக்னலும் வேண்டும். அந்த வசதி உள்ள வீட்டுக்கு மட்டும் பூட்டு நல்லது. மற்றவர்கள் அதற்குப் பதில் ஆதார் பயன்பாட்டு வரலாற்றைப் பார்க்கலாம். கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று காட்டும் பட்டியல் அது. இ-சேவை மையத்தில் பார்ப்பதானால், வந்த ஓ.டி.பி.யை நீங்களே தட்டுங்கள், முடிந்ததும் வெளியேறிவிட்டார்களா என்று பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, செலவே இல்லாத ஒரு பழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை 1800 425 3993 என்ற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட்டு, "எங்கள் குடும்பத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு மீதி இருக்கிறது, யார் பெயரில் எந்த மருத்துவமனையில் செலவாகியிருக்கிறது" என்று கேளுங்கள். வீட்டில் யாரும் படுக்காத ஆண்டில் தொகை குறைந்திருந்தால் அதுவே முதல் தடயம். வெளியேற்றச் சுருக்கத்தை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் பெயர், வயது, ரத்த வகை, செய்த சிகிச்சை ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் அங்கிருக்கும் செவிலியரையே படித்துக் காட்டச் சொல்லலாம்.

அரிவாள் செல் உள்ளவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் தங்கள் விவரத்தை ஒரு தாளில் எழுதி, அதன் பிரதியை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கணினியில் எந்தப் பெயரில் எது கலந்திருந்தாலும், கையிலிருக்கும் தாள் மருத்துவருக்குச் சொல்லும்.

நடந்துவிட்டால்

முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். "என் பெயரில் உள்ள இந்தச் சிகிச்சை எனக்கு நடந்ததல்ல" என்று எழுதி, கோப்பின் பிரதியைக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டின் பிரதியைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. "அழித்துவிடுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. மருத்துவப் பதிவு வழக்குக்கும் சாட்சியாகக்கூடியது, எளிதில் அழிக்கமாட்டார்கள். "இது வேறொருவருடையது என்று குறிப்பிட்டு, தனியாகப் பிரித்து வையுங்கள்" என்று கேளுங்கள்.

பிறகு முன்பு சொன்ன காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் புகார். ஆயுஷ்மான் பாரத் தொடர்பானதற்கு 14555. ஓ.டி.பி. மோசடி, பண இழப்பு என்றால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பின்னால் காப்பீட்டு நிறுவனத்திடம் பேச அந்த ரசீதுதான் கைகொடுக்கும். பிறருடைய அடையாள எண்ணை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். தனியார் காப்பீடு என்றால் முதலில் நிறுவனத்துக்குப் புகார், 30 நாட்களில் தீரவில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

இன்னொரு நிலைமையும் உண்டு, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நீங்களே முன்பு அட்டையைக் கொடுத்திருக்கிறீர்கள், அதை வெளியே சொல்ல முடியவில்லை. அப்படியென்றால், அடுத்த முறை நீங்களோ உங்கள் அட்டையில் படுத்த அந்த உறவினரோ சிகிச்சைக்குப் போகும்போது, மருத்துவரிடம் தனியாக, "கோப்பில் இருக்கும் அந்த அறுவைச் சிகிச்சை எனக்கு நடந்ததல்ல" என்றோ, "எனக்கு நடந்த சிகிச்சை என் பெயரில் இல்லை, இன்ன மருத்துவமனையில், இன்ன மாதத்தில்" என்றோ சொல்லுங்கள். மருத்துவருக்கு அப்போது தேவைப்படுவது, முன்னால் இருக்கும் உடலில் இதற்கு முன் என்ன ஏறியது, எதை வெட்டினார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற மூன்று பதில்கள்.